சைவ ஆடு

பிலோமினம்மாளுக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். அது போதும் என்று ஐம்பது வயது தாண்டும்வரை ஓட்டிவிட்டாள். டின்னில் மீன் படம் இருந்தால் உள்ளே மீன். கோழிப் படம் இருந்தால் கோழி. மாட்டுப் படம் இருந்தால் பால். வெளியே ஒரு படத்தைப் போட்டுவிட்டு உள்ளே வேறொன்றை அடைத்து விற்கிறவன் திருடன், அவனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்பது அவள் கட்சி. படித்தவர்கள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தை வாசிப்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். மீன் கண்ணெதிரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, இவர்களுக்கு இன்னும் என்ன சந்தேகம்?

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த சாப்பாட்டுக்கடையில் தண்ணி ஸ்டால் அவளுடையது. கோப்பி, தே, சோடா, பீர், ஸ்டவுட் எல்லாம் அங்கேதான். பின்னால் இருந்த தட்டில் பாட்டில்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் நங்கூரம், நடுவில் நாய்த்தலை போட்ட ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். வந்தவன் "அக்கா, புலி ஒண்ணு" என்றால் புலியை எடுத்து வைப்பாள். புலி கேட்டவனுக்கு நங்கூரம் போனது கிடையாது.

நாய்த்தலை அவளுடைய சொந்தச் சரக்கு. மகள் ரூபியைப் பெற்றுப் படுத்திருந்தபோது, ரத்தம் ஊறட்டும் என்று மருத்துவச்சி முட்டை உடைத்து ஊற்றி ஸ்டவுட் கொடுத்தாள். பத்தியம் முடிந்தது, ஸ்டவுட் முடியவில்லை. புருஷன் சவரிராஜ் துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலையில் இருந்தான். அவனுக்கு வயிற்றுப்புண். ஆகவே அந்த வீட்டில் சாயங்காலமானால் புருஷன் பால் குடித்தான், பெண்டாட்டி ஸ்டவுட் குடித்தாள். நல்ல குடும்பம். சண்டையே கிடையாது. அவன் செத்துப்போன பிறகு அவள் புக்கிட் மேரா வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காமல் தண்ணி ஸ்டாலை எடுத்து நடத்தினாள். எழுபதுகளில் எடுத்தது, கை விடவில்லை.

பொம்பளை குடிக்கிறாளே என்று லூர்து மாதா கோயில் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒரு தவக்காலத்தில் பங்குச் சாமியாரே கூப்பிட்டு, "இந்த நாப்பது நாளாச்சும் எதையாவது விட்டுக் குடுக்கலாமே, அம்மா" என்றார்.

"கறிய விட்டுர்றேன் ஃபாதர். ஸ்டவுட் மருந்து. மருந்த விடச் சொல்லி பைபிள்ல எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

சாமியார் சிரித்துக்கொண்டே கோயிலுக்குள் போய்விட்டார். அவளும் சொன்னபடி தவக்காலத்தில் கறியைத் தொடமாட்டாள். அதிலும் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்றால் சுத்தபோசனம்தான். கறி வெந்த சட்டியில் காய் வேகவைத்தால்கூடத் தெரிந்துவிடும் அவள் நாக்குக்கு.

அந்த நாக்கைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அதற்கு ருசியும் தெரியும், கூச்சமும் கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி எப்படி என்று கேட்டதற்கு, "ஆட்டப் பத்திக் கவலையில்ல, அது செத்துருச்சு. அரிசிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு" என்று பெண்ணின் அப்பனிடமே சொன்னவள். அதனாலேயே அந்தச் சந்தில் அவள் சொல்லுக்கு ஒரு விலை இருந்தது. புது கோப்பித்தூள் வந்தால், புது சமையல்காரன் வந்தால், "பிலோமியக்கா என்ன சொன்னாங்க" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வாய் வைப்பார்கள். தான் சொன்னது தப்பு என்று அவள் சொன்னதை யாரும் கேட்டதில்லை.

அவள் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வாங்காமல் மெலிந்துகொண்டிருந்தவன் மருமகன் எட்மண்ட். நல்லவன்தான். ரூபியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினான். ஆனால் அவன் செய்கிற காரியத்தில் பாராட்ட என்ன இருக்கிறது என்று பிலோமினம்மாளுக்குத் தெரியவில்லை, தெரியாததை அவள் சொல்லமாட்டாள். முன்பு சோடா லாரி ஓட்டினான். பிறகு, ரயிலுக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த சமயத்தில், லாரியை விட்டுவிட்டு புக்கிட் மேராவில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தான். மிஸ்டர் லிம் என்ற சீனர், ஜெர்மனிக்குப் போய் பீர் காய்ச்சப் படித்துவிட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பக்குவத்தில் காய்ச்சி ஹோட்டல்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எட்மண்ட் முதலில் பீப்பாய் கழுவினான். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சோறு தின்னும்போதுகூட பார்லியைப் பற்றியே பேசினான்.

கடைசியில் லிம், அவனாகவே ஒரு பீர் காய்ச்சிப் பார்க்கட்டும் என்று விட்டார். ஜெர்மனியில் குளிர் விலகி வெயில் எட்டிப்பார்க்கும் மாதங்களில் குடிக்கிற வகை. முளைக்கவிட்டு வறுத்த பார்லியை இரண்டு பங்காகப் போட்டு, கனமாகக் காய்ச்சி, வாரக்கணக்கில் குளிரில் போட்டு வைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. ஹோட்டல் வெள்ளைக்காரன் குடித்தால் போதாது, ஊர்க்காரன் குடிக்கவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிலோமினம்மாள் ஸ்டாலில் வைத்துப் பார்ப்பது. ஆட்கள் குடித்தால் எட்மண்ட் தொடர்ந்து காய்ச்சலாம். இல்லையென்றால் அவன் திரும்ப பீப்பாய் கழுவப் போகவேண்டியதுதான்.

"நீ அதை அம்மாட்ட சொல்லு" என்றாள் ரூபி.

"சொன்னா பாவம் பார்த்து நல்லாருக்குன்னு சொல்லிருவாங்க."

"எங்கம்மாவா?" என்று ரூபி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

ஆனாலும் அவன் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பாட்டிலைக் குளிரக் குளிர எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். மாமியார் ருசி பார்த்துச் சொல்லட்டும் என்று.

இந்த இடத்தில் அப்துல் கையூமைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. அவர் பக்கத்துக் கடை. ஆட்டு சூப் விற்கிறவர். இரண்டு கடைக்கும் நடுவில் இருந்தது இடுப்பளவுச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி அவருடைய சட்டி, இந்தப் பக்கம் பிலோமினம்மாளின் ஸ்டால். எலும்பும் மல்லியும் பட்டையும் கொதிக்கிற ஆவி நாள் முழுக்க அவள் மூஞ்சியில்தான் அடிக்கும். வருஷக்கணக்காக அடித்ததில் அவளுக்கு அது அடிப்பதே தெரியாமல் போய்விட்டது.

எட்மண்ட் பாட்டிலை மேடையில் வைத்தான். பிலோமினம்மாள் முதலில் படத்தைப் பார்த்தாள். பெரிய ஆட்டுக்கடா. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, வளைந்த கொம்போடு.

"என்ன மாப்பிள்ளை இது?"

"குடிச்சுப் பாருங்க அத்தை. ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கிளாசில் ஊற்றினாள். பால் விடாத தே மாதிரி சிவப்பும் பழுப்புமான நிறம். மேலே நுரை, வெங்காயத் தோல் நிறத்தில். மோந்தாள். கையூம் அந்த நேரம் பார்த்து மூடியைத் திறந்து சட்டியைக் கிளறினார். அவள் ஒரு வாய் குடித்தாள். கனமாக, வழவழப்பாக, தித்திப்பும் உப்புமில்லாத ஒரு சாரம் நாக்கு முழுக்கப் பரவி நெஞ்சில் சூடாக இறங்கியது. ஆட்டைப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"சாறு நல்லா இறங்கியிருக்கு" என்றாள்.

எட்மண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்லியை வேகவைத்து வடிக்கிற தண்ணீரைப் பட்டறையில் அவனும் கூட வேலை பார்த்த தமிழாட்களும் சாறு என்றுதான் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மாமியார் ஒரே வாயில் தொழில் பேச்சுக்கு வந்துவிட்டாளே என்று அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரொம்ப நேரம் கொதிச்சிருக்கும் போல."

"பின்ன? பாதிய எடுத்துத் தனியாக் கொதிக்க விட்டு, திரும்ப ஊத்தி, திரும்ப எடுத்து, ஒரு பகல் முழுக்க அடுப்படியிலதான் நின்னேன் அத்தை."

"அதான. அவசரப்பட்டா சாறு இறங்காது." ஆட்டின் மேல் விரலை வைத்தாள். "இது எங்கேர்ந்து?"

"ஜெர்மனி ஆடு அத்தை. முதலாளி வரும்போது கையோட கொண்டாந்தது."

"தேக்கா மார்க்கெட்ல இல்லாத ஆடா?"

"இங்கயும் ரெண்டு மூணு பார்த்தோம். ஒண்ணும் எடுப்பா இல்ல. எலும்பும் தோலுமா இருந்துச்சு. கொம்பும் சரியில்ல."

"கொம்பு எதுக்கு?"

"கொம்புதான அத்தை அழகு."

அச்சுக்கடைக்காரன் வரைந்து காட்டிய படங்களை நினைத்துத்தான் அவன் சொன்னான். இந்தச் சீனன்கள் கொம்பையும் போட்டுக் காய்ச்சுவார்கள் போலிருக்கிறது, மருந்துக்கு நல்லதாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மிச்சத்தையும் குடித்து முடித்தாள். அன்று வியாழக்கிழமைதான், ஆனாலும் தவக்காலம். கறிச்சாறு குடித்ததற்கு மனசுக்குள் சிலுவை போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆசையாகக் கொண்டு வந்திருக்கிறான், பாவம்.

அவன் விசிலடித்துக்கொண்டு போனான். ரூபியைக் கட்டி முழுசாக நான்கு வருஷத்தில் மாமியார் "நல்லா" என்ற சொல்லை அவன் முன்னால் சொன்னது அன்றுதான்.

மறுநாள் காலை கோப்பி குடிக்க வந்தவர்களிடமெல்லாம் பிலோமினம்மாள் தன் கடமையைச் செய்தாள்.

"சாயந்திரம் மாப்பிள்ளை புது பீர் கொண்டாறாரு. சரக்கு நல்ல சரக்கு. ஆனா ஆட்டு பீர். வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில வச்சுட்டு அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

"ஆட்டு பீரா?" என்றார் வடிவேலு. மின்சார கேபிள் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளி, செவ்வாய் முருகனுக்காகக் கவுச்சி தொடமாட்டார். பீர் தொடுவார். பீர் சைவம் என்பது அவர் கொள்கை. "அப்படி ஒண்ணு இருக்கா?"

"நான் குடிச்சேன்யா. நம்ம பாய் சூப்ப ஜில்லுன்னு குடிச்ச மாதிரி இருக்கு."

அதற்கு மேல் யார் என்ன கேட்பது? மத்தியானத்துக்குள் பூக்கடைவரை செய்தி போய்விட்டது. முட்டிவலிக்கு நல்லதாம் என்று ஒருத்தி சேர்த்தாள். கொம்பையும் அரைத்துப் போடுகிறார்களாம் என்று இன்னொருத்தன் சேர்த்தான்.

சாயங்காலம் லிம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எட்மண்ட் பெட்டி பெட்டியாக இறக்கி, ஐஸில் போட்டு, கிளாஸ்களைத் துடைத்து வரிசையாக வைத்தான். மேஜைக்கு மேஜை சின்ன கிளாசில் இலவசமாக ஊற்றி வைத்தான். ஆட்கள் வந்தார்கள். எப்போதும் வருகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். வந்து, கிளாசைப் பார்த்தார்கள். பாட்டிலைப் பார்த்தார்கள். மோந்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டு கிளாசை மேஜையின் நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டு, "அக்கா, புலி ஒண்ணு" என்றார்கள்.

"வடிவேலண்ணே, ஒரு வாய் பாருங்களேன்" என்றான் எட்மண்ட்.

"இன்னைக்கு வேணாம் தம்பி. திங்கக்கிழமை ரெண்டாக் குடிக்கிறேன்."

"திங்கக்கிழமை இருக்காதுண்ணே. ஸ்பிரிங் பீர். வசந்தகாலத்துக்குன்னு காய்ச்சினது."

"நமக்கு ஏது தம்பி வசந்தகாலம். ஒண்ணு வெயிலு, இல்லாட்டி மழை. ரெண்டும் ஒண்ணா வந்தா அதான் வசந்தமா?"

கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து லாசரஸ் நான்கைந்து பேரோடு வந்தார். அவர் பூசையில் வாசகம் வாசிக்கிறவர், தாகமானவர். எட்மண்ட் அவரை நம்பி ஓடினான். லாசரஸ் ஆட்டுக்கடாவைப் பார்த்ததும் பின்னால் ஒரு அடி வைத்தார்.

"ஏன்ப்பா, நீயும் கிறிஸ்தவன்தான. ஆண்டவரு பாடுபட்ட நாள்ல இப்படியா?"

"அண்ணே, இத முத முதல்ல காய்ச்சினதே சாமியாருங்கதான். தவக்காலத்துல பட்டினி கெடக்குறப்ப தெம்புக்குக் குடிப்பாங்களாம்."

"சாமியாருங்க பேரச் சொல்லி ஏமாத்தாத லா. போ."

லிம் எழுந்து வந்தார். ஏன் யாரும் குடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். எட்மண்ட் துடைத்த கிளாசையே மறுபடி துடைத்தான். அவன் முகம் பிலோமினம்மாளுக்கு ஸ்டாலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. ரூபியைப் பெண் பார்க்க வந்த அன்று கோப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அதே முகம்.

வாசலில் பாட்டிலை இறக்கிக்கொண்டிருந்த பட்டறை லாரிக்காரன் அவளிடம் சொன்னான். "போச்சு அக்கா. இன்னைக்கு ஓடலைன்னா உங்க மருமகன் நாளையிலேர்ந்து மறுபடி பீப்பாய் கழுவணும்."

"யாரு சொன்னா?"

"முதலாளி சொன்னது. ஒங்ககிட்ட சொல்லலியா?"

அவள் பதில் சொல்வதற்குள் சுவருக்கு மேல் கையூமின் தலை தெரிந்தது. கையில் கரண்டி. வெள்ளிக்கிழமை, தவக்காலம் வேறு. இந்து, கிறிஸ்தவன் இரண்டு பேரும் கறி தொடாத நாளில் சூப்புக்கு ஆள் ஏது? அவர் சட்டியை மூடி அடுப்பையும் அணைத்துவிட்டு வம்புக்கு வந்திருந்தார்.

"என்ன எட்மண்டு, என் தொழில்ல கை வைக்கிறியாமே?"

"என்ன பாய் சொல்றீங்க?"

"நான் இதெல்லாம் குடிக்கிறவன் இல்ல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். ஆட்ட அறுத்தது யாரு?"

"எந்த ஆட்ட?"

"பீர்ல போட்ட ஆட்ட."

எட்மண்ட் அவரைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தான். நேற்றுப் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவன் மூஞ்சியில் வந்து போவது தெரிந்தது. சாறு. கொம்பு. ஜெர்மனி ஆடு.

"ஐயோ அத்தை" என்றான். பிறகு கடை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "அண்ணே, இதுல ஆடு கெடையாது. அந்த ஊர்ல இந்த மாதிரி பீருக்கு ஆட்டுக்கடான்னு பேரு. பேருதான். உள்ள பார்லி, கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணி. வேற ஒண்ணும் இல்ல."

வடிவேலு பரிவோடு சொன்னார். "நீ விக்கணும்னு சொல்லுவே தம்பி. பிலோமியக்கா குடிச்சே பார்த்துட்டாங்களே."

"அதான" என்றார் லாசரஸ். "அந்த நாக்கு தப்பாச் சொல்லுமா?"

கடையே அவள் பக்கம் திரும்பியது.

"அத்தை, நீங்களே சொல்லுங்க" என்றான் எட்மண்ட். "ஒரு துண்டு கறி இல்ல. ரூபி மேல சத்தியம்."

"என் பொண்ணு மேல எதுக்கு சத்தியம் பண்றீங்க, ஒங்கம்மா மேல பண்ணுங்க" என்றாள் பிலோமினம்மாள். "நான் குடிச்சேன். ஆட்டு ருசிதான். என் நாக்கு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். மனசு சரியில்லாவிட்டால் அவளுக்கு ஒரே வைத்தியம்தான். தட்டிலிருந்து தன்னுடைய ஸ்டவுட்டை எடுத்தாள், மூடியைத் தட்டினாள், கிளாசைத் தேடினாள். தேடும்போது பாட்டில் முகத்துக்கு நேராக இருந்தது.

நாய் அவளைப் பார்த்தது.

ரூபி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் பார்த்த நாய். காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சாதுவாக. இத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பித் தட்டைப் பார்த்தாள். புலி. அதற்குப் பக்கத்தில் நங்கூரம். இரும்பை யார் குடிப்பார்கள்?

பிலோமினம்மாள் பாட்டிலைக் கீழே வைத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் புலியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சும்மா இருந்துவிட்டால் இது ஒருத்தருக்கும் தோன்றப்போவதில்லை. அவள் நாக்கு தப்பாத நாக்காகவே இருந்துவிடும். எட்மண்ட் பெட்டிகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்திருந்தான், பாட்டில் சத்தம் வராமல், யாருக்கும் தொந்தரவாகிவிடக்கூடாது என்பது மாதிரி. அந்தச் சத்தமில்லாமைதான் அவளால் தாங்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு இங்க கொண்டாங்க."

"வேணாம் அத்தை. இன்னைக்கு சுத்தபோசனம்."

"எது எனக்கு போசனம்னு நான் பார்த்துக்கிறேன். கொண்டாங்கன்னா."

இந்தத் தடவை பாட்டிலைத் திருப்பி ஆட்டைச் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்தாள். ஊற்றினாள். நுரை அடங்கக் காத்திருந்தாள். மோந்தாள். கையூமின் சட்டி மூடியிருந்ததால் அந்த மூலையில் வேறு ஒரு வாசனையும் இல்லை. அவளுக்கே அது புதுசாக இருந்தது. ரொட்டியைக் கரியடுப்பில் வாட்டும்போது ஓரம் சிவந்து வருமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் கேப்பை வறுக்கிற வாசனை. ஒரு வாய் குடித்து வாயிலேயே வைத்துக்கொண்டாள். முதலில் தித்திப்பு, காய்ச்சின பனைவெல்லத்தின் அடி மாதிரி. நடுவில் வறுத்த பருப்பு. விழுங்கும்போது, தாமதமாக வந்த விருந்தாளி மாதிரி, கொஞ்சூண்டு கசப்பு. பிறகு நெஞ்சில் அந்தச் சூடு. எலும்பு எங்கே, மல்லி எங்கே, பட்டை எங்கே? ஒன்றுமில்லை. அதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மூடி போட்டு உட்கார்ந்திருந்தது.

அவள் கிளாசை மேடையில் தட்டினாள்.

"எல்லாரும் இங்க கேளுங்க. நான் சொன்னது தப்பு."

கோப்பி கலக்கிக்கொண்டிருந்தவன் கரண்டியை நிறுத்தினான். லாசரஸ் மறுபடி சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"இதுல ஆடு இல்ல. நான் குடிச்சது பாயோட ஆவிய. அது என் மூக்குல இருந்துச்சு, இது என் வாயில இருந்துச்சு, ஆடு என் கண்ணுல இருந்துச்சு. மூணும் கூட்டு சேர்ந்து என்னை ஏமாத்திருச்சு."

"அது எப்படி அக்கா," என்றார் வடிவேலு விடாமல், "ஆட்டுப் படம் போட்டிருக்கே. படம் போட்டா உள்ள இருக்கும்னு நீங்கதான சொல்வீங்க?"

பிலோமினம்மாள் தன் ஸ்டவுட் பாட்டிலை எடுத்து, நாய் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

"அப்ப இது என்ன? முப்பது வருஷமா நான் நாயவா குடிச்சேன்?"

வடிவேலு தன் கிளாசை இறக்கி, பக்கத்திலிருந்த பாட்டிலைத் தன் பக்கம் திருப்பினார். புலியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா," என்றார், "அப்ப நான் வெள்ளி செவ்வாயும் சேர்த்துப் புலி குடிச்சிருக்கேனா?"

"வேலையில இருந்த காலத்துலேர்ந்து."

"அதான் வீட்டுல பொண்டாட்டி பயப்படுறா."

"ஒம்பொண்டாட்டி பயந்து நான் பார்த்ததில்ல. நீ புலிய மாத்து."

அதன் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. லாசரஸ் கூட வந்தவர்களில் ஒருவர் நங்கூரம் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து, "கப்பலே நிக்குமே, ஒங்க வயித்துல எப்படிய்யா நிக்குது" என்று யாரோ கேட்க, அவர் மூக்கு வழியாக பீர் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கையூம் கரண்டியால் சட்டி மூடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எலும்பு என்கிட்டதான் இருக்கு, வந்து எண்ணிக்குங்க" என்றார்.

வடிவேலு நடுமேஜையிலிருந்த கிளாசைத் தன் பக்கம் இழுத்தார். மோந்தார். "முருகா" என்று ஒரு வாய் குடித்தார். மறுபடி குடித்தார். கிளாசை நீட்டி, "தம்பி, இந்த சைவ ஆடு இன்னொண்ணு குடு" என்றார்.

அங்கே பிறந்ததுதான் அந்தப் பேர். லாசரஸ் ஒரு சைவ ஆடு கேட்டார். கூட வந்தவர்கள் கேட்டார்கள். ஜெர்மனியில் அதற்கு என்ன பேர் என்று அதன் பிறகு அந்தச் சந்தில் ஒருவனும் கேட்கவில்லை.

லிம்முக்குத் தமிழ் தெரியாது. ஏன் முதலில் குடிக்கவில்லை, ஏன் இப்போது குடிக்கிறார்கள், நாய் பாட்டிலை ஏன் அந்தம்மாள் தூக்கிக் காட்டினாள், ஒன்றும் புரியவில்லை. பெட்டி காலியாவது மட்டும் புரிந்தது. ஸ்டாலுக்கு வந்து, சந்தை மலாயில், "மச்சாம் மானா?" என்றார். எப்படி என்று கேட்கிறார்.

"பாகூஸ்" என்றாள் பிலோமினம்மாள். நல்லாயிருக்கு. பிறகு அவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு, விட்டுவிடக்கூடாது என்று, "தாப்பி, மானிஸ் லெபே" என்றாள். ஆனால் தித்திப்பு அதிகம்.

எட்மண்ட் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "நெசமாவே நல்லாருக்கா அத்தை? இல்ல, பீப்பாய் கழுவப் போறேன்னு பாவம் பார்த்து..."

"ஒங்களப் பார்த்து நான் எதுக்குப் பாவப்படணும். கையும் காலும் நல்லாத்தான இருக்கு?" கிளாசை விளக்குக்கு நேரே தூக்கினாள். "நெறம் நல்லாருக்கு. வாசனை நல்லாருக்கு. நெஞ்சுல எறங்குறது ரொம்ப நல்லாருக்கு. ஆனா முதல் வாய்ல பாயசம் மாதிரி வந்து ஒட்டுது. ரெண்டாவது கிளாஸ் குடிக்கிறவனுக்குத் தெவிட்டும். பாருங்க, வடிவேலே ரெண்டோட நிறுத்திட்டான். அடுத்த வாட்டி அந்தக் கசப்புப் பூவ ஒரு கை கூடப் போடுங்க."

"அடுத்த வாட்டி" என்றான் எட்மண்ட்.

"ஆமா, அடுத்த வாட்டி. காது கேக்கலியா?"

அவன் காலி கிளாஸ்களைப் பொறுக்கப் போனான். போகும்போது மறுபடி விசில்.

அடுத்த வருஷம் ஒரு கை கூடப் போட்டான். அதற்கடுத்த வருஷம் கொஞ்சம் குறைத்தான். ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து சில நாளில் முதல் பாட்டில் மாமியாரிடம்தான் வந்தது. ரூபி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், அம்மா என்ன திட்டப்போகிறாள் என்று கேட்க. பிலோமினம்மாள் பாட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள். கிளாசில் ஊற்றுவாள். வாய்க்குக் கொண்டு போகுமுன் கழுத்தை நீட்டிச் சுவருக்கு மேல் குரல் கொடுப்பாள்.

"பாய், சட்டிய மூடுங்க."